மணி வைத்தாச்சு, எடுப்பது எப்போது?

"எலும்புக்குள்ளே சிமெண்டா? அதிலே மருந்தைக் கலந்தா? அது சேஃப்பா?" எலும்பில் சீழ் பிடித்த தம்பியின் காலுக்குள் ஆன்டிபயாட்டிக் கலந்த சிமெண்ட் மணிகளை வைத்தார்கள் என்று தெரிந்ததும், சென்னை வியாசர்பாடியில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களில் இதைக் கேட்காதவர் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் குரல் செய்தி வந்துகொண்டே இருந்தது. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் தம்பி விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரைகள் சேஃப்பா என்று இவர்களில் ஒருவரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மாத்திரை பழகிய சங்கதி, அதில் யாருக்கும் சந்தேகம் வராது. எலும்பைத் திறந்து உள்ளே எதையோ வைத்தார்கள் என்றதும்தான் பாதுகாப்பு ஞாபகம் வருகிறது. நானும் பலவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். "சேஃப்தான், கவலைப்படாதீங்க" என்று சொல்லி போனை வைத்த பிறகு மனசுக்குள் ஏதோ உறுத்தும். "அப்படிச் சொல்ல முடியாது" என்று இழுத்தாலோ சின்னம்மா அழ ஆரம்பித்துவிடுவார். உறுத்தல் இன்னும் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பி என்று நான் சொல்வது சின்னம்மா மகனை. பர்மாவில் பெகு பக்கத்தில் கிராமம். கொஞ்சம் நெல் வயலும் வாசலிலேயே ஒரு கடையும் உண்டு. ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. பெகு பக்கம் அது இல்லாவிட்டால் உப்பு வாங்கக்கூடப் போக முடியாது. மழைக்காலத்து ராத்திரி ஒன்றில் லாரிக்கு ஒதுங்கி வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிளேட் வைத்தார்கள், காயமும் ஆறியது. எல்லோரும் மறந்துபோன நேரத்தில் அதே இடத்தில் ஒரு கொப்புளம் வந்து உடைந்தது. உடைந்த இடம் மூடவே இல்லை. மிளகு அளவுக்கு ஒரு துவாரம். அதிலிருந்து தினமும் லுங்கியில் கறைபடும் அளவுக்குச் சீழ். மருந்துக் கடைக்காரர் ஒரு மாத்திரை கொடுப்பார், பத்து நாள் காயும், பிறகு மறுபடி கசியும். அடுத்த முறை அதைவிடப் பெரிய மாத்திரை. நடுவில் பச்சிலைக் கட்டும் நடந்தது. பீலிக்கான் அங்காளம்மனுக்குத் தீ மிதிப்பதாகச் சின்னம்மா அவன் சார்பில் நேர்ந்தும் விட்டார். இந்தக் காலோடு எப்படி மிதிப்பான் என்று அவரிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் சயாமா. தமிழ்க்காரர். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் மரியாதைக்கு பர்மியர்களைப் போலவே சயாமா என்றுதான் கூப்பிடுவோம். "மாத்திரை ரத்தத்துல போகுது. செத்த எலும்புக்கு ரத்தம் ஏது?" என்றார். அவ்வளவுதான் விஷயம். கிருமி ரத்த ஓட்டத்தை அடைத்து எலும்பில் ஒரு துண்டைச் சாகடித்துவிடும். அந்தத் துண்டையே வீடாக்கிக்கொள்ளும். பிளேட் மாதிரி உலோகம் இருந்தால் இன்னும் வசதி, அதன்மேல் வழவழப்பான ஒரு படலத்தைப் பூசிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, சும்மா மிதக்கும் கிருமிக்குத் தேவைப்படுவதைப்போல நூறு மடங்கும் அதற்கு மேலும் மருந்து வேண்டியிருக்கும். அவ்வளவு மருந்தை ஊசி வழியாக ஏற்றினால் கிருமிக்கு முன்னால் சிறுநீரகம் போய்விடும். ஆக முதலில் செத்ததை வெட்டி எடுக்க வேண்டும், பிளேட்டைக் கழற்ற வேண்டும். அப்புறம் அந்தக் குழிக்குள்ளேயே மருந்தை வைக்க வேண்டும்.

உருட்டிய மணி

ரங்கூனில் நாங்கள் பார்த்த டாக்டர் அதிகம் பேசாதவர். முதல் வேலையாக எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். இரண்டு வாரம் மருந்தே இல்லாமல் இருந்தால்தான் எலும்பில் எடுக்கும் சாம்பிளில் கிருமி சரியாகக் காட்டுமாம். சின்னம்மாவுக்கு அந்த இரண்டு வாரமும் தூக்கமில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்ததை வெளியே வாங்கி வரச் சொன்னார்கள்: செயற்கை மூட்டை எலும்போடு பொருத்தப் பயன்படும் எலும்பு சிமெண்ட் 40 கிராம் பாக்கெட் ஒன்று, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பொடிக் குப்பிகள், மெல்லிய எஃகுக் கம்பி. ஜென்டாமைசின்தான் இந்த வேலைக்குப் பழைய மருந்து என்று நான் எங்கோ படித்திருந்ததால், ஏன் அது இல்லை என்று சயாமாவிடம் கேட்டேன். கடையில் ஜென்டாமைசின் ஆம்பூலில் திரவமாகத்தான் கிடைக்கும், திரவத்தை ஊற்றினால் சிமெண்ட் ஒழுங்காக இறுகாது, பொடியாக இருக்க வேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார். சிமெண்ட் இறுகும்போது நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டைத் தாங்கும் மருந்தாகவும் இருக்க வேண்டும். வான்கோமைசின் தாங்கும், ஜென்டாமைசினும் தாங்கும். எல்லா ஆன்டிபயாட்டிக்கும் தாங்காது.

சயாமா தன் காலத்தில் தியேட்டரில் இதை நிறையச் செய்திருக்கிறார். சிமெண்ட் பொடியோடு மருந்துப் பொடியைக் கட்டியில்லாமல் கலப்பது, சிமெண்டுக்கென்றே உள்ள திரவத்தை ஊற்றியதும் மூக்கை எரிக்கும் வாடை, கையுறையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருப்பது. பதம் வந்தபின் நேரம் கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து சின்னச் சின்னதாக உருட்டிக் கம்பியில் கோத்துக்கொண்டே போக வேண்டும். கொஞ்சம் அசந்தால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். உருட்டும்போது உள்ளங்கையில் சூடு ஏறுவது கையுறையைத் தாண்டித் தெரியுமாம். முழுக்க ஆறிய பிறகுதான் எலும்புக்குள் வைப்பார்கள். "பெருசா உருட்டினா மருந்து வராது. சின்னதா இருந்தாத்தான் மேல்பரப்பு அதிகம்" என்று விரல் நுனியைக் காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அப்பாயி, "காலுக்குள்ள ருத்திராட்ச மாலை போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் மணி.

ஏழை நாட்டு ஆஸ்பத்திரியில் சாமான் இல்லாமல் கையால் உருட்டுகிறார்கள் என்று வியாசர்பாடியில் ஒரு பரிதாபம் கிளம்பியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. செயற்கை மூட்டு பொருத்தும் சிமெண்டில் ஜென்டாமைசினைக் கலந்து பார்த்தவர் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து புக்ஹோல்ட்ஸ். 1970இல் அதை எழுதினார். அதை மணியாக்கிச் சீழ்பிடித்த எலும்புக்குள் வைத்தவர் ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்து கிளெம். பிறகு ஐரோப்பாவில் ரெடிமேடாகவே கோத்த மணிச்சரம் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அந்த ரெடிமேட் சரத்துக்கு அனுமதி கிடைக்காததால் அங்கே உள்ள டாக்டர்களும் பல காலமாக ஆபரேஷன் மேஜையிலேயே கையால் உருட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

கணக்கு

இனி சேஃப்பா என்ற அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பாவின் ரெடிமேட் சரத்தில் ஒரு மணிக்குள் இருந்த ஜென்டாமைசின் 4.5 மில்லிகிராம். முப்பது மணிச் சரம் ஒன்றுக்கு 135 மில்லிகிராம். ஐம்பது கிலோ எடையுள்ள ஆளுக்கு ஊசியில் ஒரு நாளைக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் போட்டால் 250 மில்லிகிராம் ஆகிறது. அதாவது முழுச் சரத்திலும் இருப்பது ஒரு நாள் ஊசியைவிடக் குறைவு. அதிலும் பெரும்பகுதி சிமெண்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெளியே வருவது கொஞ்சம்தான். ஆனால் வருகிற கொஞ்சமும் அந்தச் சின்னக் குழிக்குள் தேங்குவதால், ஊசியில் எட்டவே முடியாத அளவுக்கு அங்கே மருந்து சேர்கிறது. ரத்தத்திலோ அளந்தால் சொற்பம். தம்பிக்குக் கலந்தது வான்கோமைசின் 4 கிராம். ஊசியில் பெரியவர்களுக்கு வழக்கமாக ஏற்றுவது ஒரு நாளைக்கு 2 கிராம், அதையும் வாரக்கணக்கில். இப்படிப் பார்த்தால் மணிதான் சாதுவான வழி.

அதற்காக ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. மூட்டையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரிய சிமெண்ட் கட்டியில் அதிக மருந்து கலந்து வைத்தவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் திடீரென்று பழுதானதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டியவர்கள். ஒவ்வாமை வரலாம், அபூர்வம்தான். ஆனால் உள்ளே இருப்பதை ஊசியை நிறுத்துவதுபோல் நிறுத்திவிட முடியாது. மிக அதிகச் செறிவில் எலும்பை வளர்க்கும் செல்களே தளர்ந்துபோவதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அந்த விஷயத்தில் ஜென்டாமைசின் வகையைவிட வான்கோமைசின் கொஞ்சம் மென்மையானது.

எதிர்ப்பக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எலும்புச் சீழ் என்றால் ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏற்றியே ஆக வேண்டும் என்று ஒரு நம்பிக்கை ரொம்ப நாளாக இருந்தது. பிரிட்டனில் 1,054 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஓவிவா ஆய்வில், முதல் ஆறு வாரம் நரம்பில் ஏற்றியவர்களில் 14.6 சதவீதம் பேருக்கும், மாத்திரை சாப்பிட்டவர்களில் 13.2 சதவீதம் பேருக்கும் ஓராண்டுக்குள் சிகிச்சை தோற்றது. மாத்திரை ஒன்றும் இளைத்ததில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையில் சுத்தம் செய்யப்பட்டவர்கள், கிருமிக்குப் பொருத்தமான மருந்து கிடைத்தவர்கள். மருந்துக் கடைக்காரர் குத்துமதிப்பாகக் கொடுத்ததை விழுங்கிய தம்பியின் கதையோடு அதைச் சேர்க்கக் கூடாது. இத்தனையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது: வெட்டிச் சுத்தம் செய்வதுதான் பாதிக்கு மேல் வைத்தியம். செத்த எலும்பை உள்ளே விட்டுவிட்டு எத்தனை மணி கோத்து வைத்தாலும் பிரயோஜனமில்லை.

டாக்டர் கேட்ட கேள்வி

ஆபரேஷனுக்கு முன்னால் நானும் டாக்டரிடம் கேட்டேன்: "சயா, இதை உள்ளே வைப்பதால் பயமில்லையே?" அவர் பதில் சொல்லவில்லை. "வீடு எங்கே?" என்றார். பெகு தாண்டி என்றேன். "எப்படி வருவீர்கள்? பஸ்ஸா? கூட யார் வருவார்கள்? மழையில் அந்த ரோடு இருக்குமா?" நான் மருந்தைப் பற்றிக் கேட்கிறேன், இவர் ரோட்டைப் பற்றிக் கேட்கிறாரே என்று இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆறு வாரத்தில் எடுக்க வேண்டும். அதற்கு வர முடியும் என்றால்தான் வைப்பேன்" என்றார். தலையாட்டினோம். அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தேதிக்கு முன்னால் 2024 பிப்ரவரி 10 வந்தது. பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயது வரை ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை என்று அறிவித்தார்கள். தம்பிக்கு இருபத்தேழு. இங்கே இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை, வெளியே இருப்பவர்களுக்கு நான் விளக்கப் போவதுமில்லை. பெகுவிலிருந்து ரங்கூன் எண்பது கிலோமீட்டர்தான். ஆனால் பஸ்ஸை எங்கே நிறுத்துவார்கள், யாரை இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊன்றுகோலோடு இருக்கிறவனை விட்டுவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். காலில் இரும்பு இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். சின்னம்மா அவனை வாசலுக்கே விடவில்லை. தேதி போயிற்று. அடுத்த மாதமும் போயிற்று. நான் மட்டும் ரங்கூனில் டாக்டரைப் போய்ப் பார்த்து வந்தேன்.

அப்போதுதான் அவர் ஏன் ரோட்டைக் கேட்டார் என்று விளங்கியது. மணியிலிருந்து மருந்து முதல் சில நாள் வெள்ளமாக வரும், பிறகு மளமளவென்று குறையும். சில வாரம் போனால் கிருமியைக் கொல்ல முடியாத அளவுக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்த அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது, அந்த மருந்தோடு வாழப் பழக்கிவிடும். மருந்து தீர்ந்த மணியோ உடம்புக்கு அந்நியப் பொருள். பிளேட்டின்மேல் படலம் கட்டிய அதே கிருமி, மிச்சம் இருந்தால், மணியின்மேலும் கட்டும். கிருமியைக் கொல்ல வைத்ததே அதற்குக் குடியிருக்க இடமாகிவிடும். தள்ளிப்போடப் போட மணியைச் சுற்றித் தழும்புச் சதை வளர்ந்து இறுக்கிக்கொள்ளும், எடுப்பதும் சிரமம். சிலருக்கு வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்து ஒரு தொந்தரவும் தராமல் இருந்ததும் உண்டு என்று டாக்டர் சொன்னார். ஆனால் தம்பி அந்தச் சிலரில் ஒருவனா என்று சொல்ல அவராலும் முடியாது.

அப்படியானால் கரைந்துபோகிற மணியை வைத்திருக்கலாமே என்று கேட்டேன். இருக்கிறது. கால்சியம் சல்பேட், நம் மாவுக்கட்டுப் பொடியின் சுத்தமான வடிவம். புதிய யோசனையே இல்லை: ட்ரீஸ்மன் என்ற ஜெர்மன் டாக்டர் 1892இலேயே எலும்புக் குழியை இந்தப் பொடியால் நிரப்பியிருக்கிறார். நாலைந்து வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் தானாகவே கரைந்துவிடும், திரும்ப வந்து எடுக்கத் தேவையில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கால்சியம் சல்பேட்டும் எலும்பிலேயே இருக்கும் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டும் ஜென்டாமைசினும் கலந்ததைக் குழிக்குள் நிரப்பி, ஒரே ஆபரேஷனில் முடித்த நூறு நோயாளிகளின் கணக்கை 2016இல் வெளியிட்டார்கள். 96 பேருக்குச் சீழ் திரும்பவில்லை. இதிலும் குறை இல்லாமல் இல்லை. கரையும்போது காயத்தின் வழியாக வெள்ளையாக நீர் கசியும். அதைச் சீழ் என்று பயந்து திரும்பக் கத்தி வைத்துவிடுகிற ஆபத்து உண்டு. நிறைய வைத்தால் ரத்தத்தில் கால்சியம் கூடலாம், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் எங்கள் நிலைமைக்கு அதுதான் பொருத்தம். விலையைக் கேட்டபோது டாக்டர் சிரித்தார். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்தாலும் சின்னம்மா வயலை விற்க வேண்டும்.

இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தேதிக்குத் திரும்பி வர வழியும் வண்டியும் இருக்கிற நாட்டில் கரையாத மணியை வைத்தாலும் பாதகமில்லை. அங்கேதான் கரைகிற மணியும் தாராளமாகக் கிடைக்கிறது. வர முடியாத இடத்தில் கிடைப்பதெல்லாம் திரும்பி வந்தே ஆக வேண்டிய மணி. இதழ்களில் மணியின் பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது ரத்தத்தில் மருந்து அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், காது, தோல் எல்லாம் வருகிறது. எடுக்க வராமல் போனவரின் காலில் என்ன ஆயிற்று என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆய்வு செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. வராதவரைக் கணக்கில் எடுப்பது எப்படி?

கடைசியில் பெகுவிலேயே ஒரு சின்ன கிளினிக்கில் எடுத்தார்கள். ரங்கூன் டாக்டர் போனில் பேசி, பழைய எக்ஸ்ரேயைப் படமெடுத்து அனுப்பி ஏற்பாடு செய்தார். கம்பியை இழுத்ததும் சரமாக வரும் என்று நினைத்திருந்தோம். சதை பிடித்துக்கொண்டதால் அறுந்து அறுந்து வந்ததாம். ஒன்றிரண்டைச் சுரண்டித்தான் எடுத்தார்களாம். உள்ளே எடுத்த சாம்பிளில் கிருமி வளரவில்லை. துவாரம் மூடிவிட்டது, இதுவரை லுங்கியில் கறை இல்லை. எலும்புச் சீழ் வருஷங்கள் கழித்தும் திரும்பும் என்பதால் "குணமாகிவிட்டது" என்று டாக்டர் இன்னும் எழுதித் தரவில்லை. வியாசர்பாடியில் இருந்து "பார்த்தியா, சேஃப்தான்" என்று செய்தி வந்தது. நான் ஒரு கும்பிடு பொம்மையை மட்டும் அனுப்பினேன்.

மாமாவின் கால்விரல்

இப்போது பிரச்சினை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. என் மாமாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. கால் கட்டைவிரலில் புண், எலும்பு வரைக்கும் போய்விட்டது. அவருக்கும் மணி வேண்டுமாம். "அவனுக்கு வெச்சீங்கல்ல? எனக்கும் அதையே வெச்சு விரலைக் காப்பாத்துங்க" என்று பிடிவாதம். டாக்டர் மறுத்துவிட்டார். சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கு என்று சர்வதேச நிபுணர் குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஊசியோ மாத்திரையோ கொடுக்கும்போது அதோடு கூட சிமெண்ட், பஞ்சு, களிம்பு வடிவில் உள்ளூர ஆன்டிபயாட்டிக் வைக்க வேண்டாம் என்றே பரிந்துரை இருக்கிறது. ஆபத்து நிரூபணமானதால் அப்படிச் சொல்லவில்லை. பலன் இருக்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை. பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை என்றார் டாக்டர். விரலில் கெட்ட எலும்பை எடுத்துவிட்டு மிச்சத்திலும் கிருமி இருந்தால் மூன்று வாரம் வரை மாத்திரை, எடுக்கவே விடமாட்டேன் என்றால் ஆறு வாரம்.

மாமா ஆறு வாரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கிரியாட்டினின் போன மாதமே கொஞ்சம் கூடியிருந்தது, அதனால் எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்களாம். திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப் போக வேண்டும். அதுவரை புண்ணில் மஞ்சள் பூச வேண்டாம் என்று மாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பூசமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.